துலக்கிய கோப்பை

அத்தியாயம் 6

நமுனுகுல ஏற்றத்தில் வேன் இருமியது, மூச்சு வாங்கியது, பிறகு நின்றே விட்டது.

"இறங்குங்க மிஸ். இனி இது போகாது. இன்னைக்கு இதுக்கு விருப்பமில்ல" என்றான் ஹுமைத்.

"உங்களுக்கு?"

"எனக்கு என்னைக்குமே விருப்பமில்ல. சம்பளம் தாரீங்கன்டு வாரேன்."

கேசினி சிரிக்கவில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் புலன் விசாரணை செய்து, அதை விட்டுவிட்டுப் பதுளைக் கடைத்தெருவில் சொந்தமாகப் பலகை மாட்டியவள் அவள். பொய் சொல்பவர்களோடு பழகிப் பழகிக் கோபம் குறைந்துவிட்டது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். இன்று காலை தொழிற்சங்க வக்கீல் தொலைபேசியில் சொன்ன விஷயம் அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டது.

வெள்ளைமலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற தராசு குறைத்துக் காட்டுகிறது என்று பெண்கள் நெடுநாளாகப் புறுபுறுத்துக்கொண்டிருந்தார்கள். அதை வாய் திறந்து சொன்னவள் வேலாயி ஒருத்திதான். தராசைச் சோதிக்க அரசாங்க அதிகாரி நாளைக்கு வருவதாக இருந்தது. இன்று திங்கட்கிழமை காலையில் மடுவத்தைத் திறந்தால் தராசைக் காணவில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சோதனை போட்டார்கள். வேலாயியின் விறகு அடுக்குக்குக் கீழே, வில் பிய்ந்து, முகப்பு நொறுங்கி, தராசு கிடந்தது.

தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய தொரை, தப்பு மேளம் அடித்து ஆட்களைக் கூட்டும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால் அவளைத் திருடி என்றார். அவளுடைய வேலை பறிபோனது. குடியிருந்த லயக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லியாயிற்று. மாலையில் போலீஸ் வேன் வரும்.

"தராசு பொய் சொல்லுதுன்டு சொன்னவளே தராசத் திருடினாளாம்" ஹுமைத் வேனின் மூக்கைத் திறந்து பார்த்தபடி சொன்னான். "காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரத் திருடித் தின்ன மாதிரி இருக்கு."

"அதை அங்க வந்து சொல்லுங்கோ. நடவுங்கோ."

மடுவம் என்பது தேயிலைச் சரிவின் நடுவே தகரம் போட்ட ஒரு கொட்டகை. பெண்கள் கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் இடம். அதன் வாசலில், வெயிலில், ஒரு கல்லின் மேல் வேலாயி உட்கார வைக்கப்பட்டிருந்தாள். ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு காவல்காரர்கள். நாற்பது வயதுக்காரி ஓடினால் எங்கே ஓடுவாள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை போலும், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தண்ணி குடிச்சியளோ?" என்று கேட்டாள் கேசினி.

"குடிக்கக் குடுத்தாத்தானேங்க. திருடிக்குத் தண்ணி எதுக்கு?" வேலாயியின் குரலில் அழுகை இல்லை. கொதிப்புத்தான் இருந்தது. "அம்மா, நான் திருடணும்னா அரிசியத் திருடுவேன். இரும்ப வச்சி என்னா செய்றது, ரசமா வைக்கிறது?"

ஹுமைத் கேசினியின் காதருகே வந்தான். "மிஸ், எனக்கு இவங்களப் புடிச்சிருக்கு. என்ட வேலைக்கே வந்துருவாங்க போல."

கொட்டகைக்குள்ளிருந்து குடையோடு ஒருவர் வெளியே வந்தார். காக்கிக் காற்சட்டை, மடிப்புக் கலையாத சேர்ட். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் சிற்றம்பலம்.

"பஸ்ஸே வராத ஊர்ல கண்டக்டர்" என்று முணுமுணுத்த ஹுமைத்தின் காலைக் கேசினி மிதித்தாள்.

"நீங்கள்தான் பதுளையிலிருந்து வந்த பிள்ளையோ? யாழ்ப்பாணத்தில எவடம்?" சிற்றம்பலம் முகம் மலரக் கேட்டார்.

"நான் பிறந்தது பதுளை ஆஸ்பத்திரியில."

"அதுசரி, தாய் தகப்பன்? எங்கட ஆக்கள்தானே. இந்தச் சனத்தின்ர சண்டைக்குள்ள நீங்கள் ஏன் வாறியள்? தராசு அவளின்ர விறகுக்குக் கீழதான் கிடந்தது. மடுவத்துப் பூட்டுக்குத் திறப்பு வச்சிருக்கிற ரெண்டு பேர் நானும் கங்காணி வீரய்யாவும். நான் ஞாயிறு முழுக்கப் பதுளை டவுனில. அப்ப ஆர்? வீரய்யாதான் திறப்பைக் குடுத்திருக்கிறான்."

பின்னால் நின்ற கங்காணி வீரய்யா இரண்டு கைகளையும் விரித்தான். "சாமி சத்தியமா இல்லீங்க ஐயா! நேத்துத் தேர்த் திருவிழா. மழையில தேர் சேத்துல எறங்கிப் போச்சி. நான் வடம் புடிச்சிக்கிட்டே நின்னேன். ஊரே பாத்துச்சிங்க."

"ஊர் எண்டால் உன்ர ஆக்கள்தானே?"

கேசினி அவரைத் தாண்டி மடுவத்துக்குள் நுழைந்தாள். காலையில் பூட்டியதை இப்போதுதான் திறந்ததாகவும், இடையில் யாரும் எதையும் தொடவில்லை என்றார்கள். இன்றைய கொழுந்தைத் தொழிற்சாலையில் நிறுப்பதாக ஏற்பாடு.

தராசு தொங்கிய கொக்கி வெறுமையாக இருந்தது. மூலையில் தேத்தண்ணி போட ஒரு அடுப்பு, கரிபிடித்த கேத்தல். சுவரோரப் பலகையில் ஒரு சிரட்டை உப்பு, துணி தோய்க்கும் சவக்காரத் துண்டு, தேசிக்காய் என்கிற வாடிய எலுமிச்சைகள். மழை பெய்தால் அட்டை ஏறும். மூன்றையும் சேர்த்து நசுக்கித் துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொண்டுதான் பெண்கள் மலை ஏறுவார்கள்.

கேத்தலுக்கு மேல் ஆணியில் ஒரு எனாமல் கோப்பை தொங்கியது. கேசினி அதை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். வெளியே வந்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஆற்றை கோப்பை?"

"எல்லாருக்கும் ஒண்ணுதாங்க அது" என்றாள் வேலாயி. "நெறை போட வர்றவங்க அதுல ஒரு வாய் சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம். ஐயாவோட கோப்பை வேற. பீங்கான். வீட்டுலருந்து வரும், வீட்டுக்கே போயிரும்."

"இதைக் கழுவுறது ஆர்?"

"அலசி மாட்டுவோம். தேச்சிக் கழுவ யாருக்குங்க நேரம்? அதுக்குள்ள கரிச் சட்டி மாதிரி இருக்குமே, பாக்கலியா?"

கேசினி கோப்பையை அவளிடம் நீட்டினாள். வேலாயி வாங்கிப் பார்த்தாள். அவள் வாய் திறந்தபடி நின்றது. உள்பக்கம் பால் போல வெளுத்திருந்தது. அடியில் மட்டும் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று. அதுவும் புதிது.

"இது எங்க கோப்பை இல்லீங்க. இல்ல… நசுங்கல் இருக்கு. எங்களதுதான். யாரு இப்புடித் தேச்சா?"

சிற்றம்பலம் குடையைத் தட்டினார். "பாத்தியளே பிள்ளை! கைரேகையை அழிக்கக் கழுவியிருக்கிறாள். என்ன கெட்டித்தனம்!"

"ஐயா, கைரேகை கோப்பைக்கு உள்ளயா படியும்?" என்றான் ஹுமைத் மிகப் பணிவாக. "உள்ள கைய வுட்டுக் குடிக்கிற ஆக்கள நான் கண்டதில்ல."

கேசினி கோப்பையை உயர்த்திப் பிடித்தாள். வெளிப்பக்கம் முழுக்கக் கரியும் பிசுக்கும். பிடியில் அழுக்கு உறைந்திருந்தது. உள்பக்கமும் உதடு படும் விளிம்பும் மட்டுமே மின்னின.

"தடயத்தை அழிக்கிறவன் வெளியில துடைப்பான். உள்ளயும் விளிம்பையும் மட்டும் துலக்கிறவன், குடிக்கப் போறவன்" என்றாள் அவள். "நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அடைமழை. தராசை எடுத்தவர் மழையில நனைஞ்சு, வெளிய போகேலாமல் இதுக்குள்ள மாட்டுப்பட்டிருக்கிறார். குளிருக்குத் தேத்தண்ணி போட்டிருக்கிறார். குடிக்க இந்தக் கோப்பை மட்டும்தான் இருந்தது. ஆனால் குடிக்க மனம் வரேல்லை. முதல்ல தேய்ச்சிருக்கிறார். மழை விட்டதும், லயத்துச் சனம் தேரடியில நிண்ட நேரம், தராசை விறகுக்குக் கீழ ஒளிச்சிருக்கிறார்."

வீரய்யா கோப்பையைப் பார்த்தான், பிறகு வேலாயியைப் பார்த்தான். இந்தக் கோப்பையில் குடிக்க அவர்கள் இருவரும் ஒரு நாளும் யோசித்தது கிடையாது.

ஹுமைத் ஒரு குச்சியால் அடுப்புச் சாம்பலைக் கிளறினான். "மிஸ், இங்க ஒரு தொப்பி கிடக்கு."

அது தேசிக்காயின் பாதி. சாறு பிழிந்த பிறகு தோலை உள்ளே வெளியாகப் புரட்டி, பெருவிரலுக்கு மாட்டும் தொப்பி போலச் செய்திருந்தது. சதைப் பக்கத்தில் உப்புக் கற்கள் ஒட்டியிருந்தன. சாயக் கறை ஏறிக் கறுத்திருந்தது. ஈர விறகில் எரியாமல் தப்பியிருந்தது.

"அட்டைக்கு இப்படிச் செய்வியளோ?"

"இல்லீங்க. நசுக்கித் துணியில கட்டுவோம். இது என்னாங்க, விரலுக்குச் சட்டை மாதிரி?"

சிற்றம்பலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெயிலுக்க நிண்டு என்ன விளையாட்டு. பிள்ளை, எங்கட வீட்டில போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. மனுசி இருக்கிறா. நான் தொரைக்குக் காத்திருக்க வேணும். இங்கத்தைக் கோப்பையளில வாய் வையாதையுங்கோ."

"கட்டாயம் குடிக்கிறன்" என்றாள் கேசினி. அவ்வளவு மெதுவாக அவள் பேசினால் என்ன அர்த்தம் என்று ஹுமைத்துக்குத் தெரியும். அவன் முன்னெச்சரிக்கையாக இரண்டடி தள்ளி நடந்தான்.

*

கண்டக்டர் குவாட்டர்ஸின் முன்னறையில் சிற்றம்பலத்தின் மனைவி சரோஜாதேவி தேநீர் கொண்டு வந்தாள். ஒடிசலான பெண். தட்டை வைத்ததும் கதவு நிலையோடு ஒட்டி நின்றுகொண்டாள். கோப்பைகள் கடையிலிருந்து நேரே வந்தவை போல வெண்மையாக இருந்தன.

"என்ர வீட்டுக் கோப்பையள் எல்லாம் மஞ்சள் பிடிச்சுப் போச்சு, அக்கா" என்றாள் கேசினி. "நீங்கள் என்ன செய்யிறியள்?"

"குடிச்ச உடன அலசிப் போடவேணும். சக்கை கிடந்து காயவிட்டால் கறை ஏறி இருந்திடும். அலசினதைத் துடைச்சுக் கவிழ்க்க வேணும்."

"ஏறின கறையை?"

"உப்பும் தேசிக்காயும். கம்பியால சுரண்டக் கூடாது, கீறல் விழும். கீறலுக்குள்ள சாயம் போய் இருந்தால் பிறகு ஒண்டாலயும் போகாது. தோலைப் புரட்டி விரலில போட்டுக்கொண்டு…" அவள் பெருவிரலை உயர்த்திச் சுழற்றிக் காட்டினாள். காட்டிய பிறகு கையைச் சட்டென்று இறக்கினாள்.

"நீங்கள்தான் தேய்ப்பியளோ?"

"இல்லை. அவர். நான் தேய்ச்சால் அவருக்குப் பிடிக்காது."

"நான் உங்கட வீட்டில குடிச்ச இந்தக் கோப்பையையும் தேய்ப்பாரோ?"

சரோஜாதேவியின் கண் கேசினி கையிலிருந்த கோப்பைக்குப் போனது. பக்கத்து நாற்காலியில் ஹுமைத் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே இறக்கினான். "என்டதுக்கு ரெண்டு தேசிக்காய் தேவைப்படும் போல" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கலியாணத்தண்டு என்ர அம்மா குடுத்த பால் செம்பை வாங்கி, ஆக்களுக்கு முன்னால உப்புக் கேட்டுத் தேய்ச்சவர். அம்மா உள்ளுக்குப் போனவ, பிறகு வெளியில வரேல்லை. இந்த வீட்டுக்கு ஒரு நாளும் வரேல்லை."

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை அவர் எங்க இருந்தவர்?"

கதவு சாத்தியது போல அவள் முகம் மூடிக்கொண்டது. "பதுளை டவுனில."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"பதுளை டவுனில எண்டுதான் சொல்லச் சொன்னவர்… பதுளை டவுனில."

கேசினி எழுந்தாள். "வேலாயிக்கு ஒரு மகள் இருக்கிறாள், மதுஷா. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வருவாள். தாயை வேனில ஏத்துறதை அவள் பாப்பாள். வந்து பாக்க லயத்துக் காம்பராவும் இராது. நீங்கள் சொன்னதைத்தான் நான் போலீசுக்குச் சொல்லப் போறன். உங்களுக்குச் சம்மதமெண்டால் சரி."

வாசலைத் தாண்டியதும் ஹுமைத் பெருமூச்சு விட்டான். "கையில ஒரு கோப்பை, ஒரு தேசிக்காய்த் தோல். இத வச்சி சர்பத்துத்தான் போடலாம் மிஸ். கேஸ் போட ஏலாது."

"தெரியும்" என்றாள் கேசினி. வழியில் கிடந்த கல்லொன்றை எட்டி உதைத்தாள். கல் தேயிலைக்குள் போய் விழுந்தது.

*

அவர்கள் திரும்பியபோது மடுவத்தின் முன்னால் போலீஸ் வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து கூட்டமாக நின்றார்கள். பெரிய தொரை, போலீஸ் சார்ஜன், சிற்றம்பலம் மூவரும் கொட்டகை நிழலில் இருந்தார்கள்.

கேசினி கோப்பையையும் தோலையும் வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். தொரை பொறுமையில்லாமல் கேட்டார். சார்ஜன் தோலை மோந்து பார்த்தார்.

சிற்றம்பலம் வாய்விட்டுச் சிரித்தார். "சேர், நான் சுத்தமான ஆள். அதுவும் ஒரு குற்றமோ? தேசிக்காயை ஆரும் புரட்டலாம். நான் ஞாயிறு பதுளையில. மனுசியைக் கேளுங்கோ. இந்தப் பிள்ளையே போய்க் கேட்டவதானே. என்ன சொன்னவ?"

கேசினி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்கோவன்!"

"பதுளை எண்டு சொன்னவ."

"முடிஞ்சுது!" சிற்றம்பலம் குடையால் வேலாயியைச் சுட்டினார். "ஏத்துங்கோ இவளை."

சார்ஜன் கையசைத்தார். வேலாயி கல்லிலிருந்து எழுந்தாள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். "நானே ஏறுறேன். யாரும் தொடாதீங்க" என்றாள்.

"கொஞ்சம் நில்லுங்கோ."

சரோஜாதேவி மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்புக்கூட இல்லை. தோட்டத்துப் பெண்கள் விலகி வழி விட்டார்கள். அவள் கையில் ஒரு வெள்ளைக் காற்சட்டை சுருட்டி இருந்தது.

"நீ ஏன் இங்க வந்தனீ? வீட்டை போ!" என்று சீறினார் சிற்றம்பலம்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. சார்ஜனின் முன்னால் காற்சட்டையை விரித்தாள். முழங்காலுக்குக் கீழே காய்ந்த இரத்தம், திட்டுத் திட்டாக.

"நேற்று நனைஞ்சு வந்து கழட்டிப் போட்டது. ரெண்டு காலிலயும் அட்டை கடிச்சிருந்தது. நான்தான் உப்புப் போட்டுக் கழட்டினனான். தேத்தண்ணி தரட்டோ எண்டு கேட்டன், குடிச்சிட்டன் எண்டவர்." அவள் காற்சட்டையை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். "மற்றவையின்ர வீட்டில வாய் வைக்காத மனுசன் எங்க குடிச்சது? பதுளை டவுனில எந்தத் தெருவில அட்டை ஏறுது?"

"பதுளை டவுன்ல இரத்தம் குடிக்கிறது என்ட வீட்டுக்காரன் மட்டும்தான்" என்றான் ஹுமைத். "அவனும் காற்சட்டைக்குள்ள ஏற மாட்டான்."

கூட்டத்தில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். சார்ஜன் சிரிக்காமல் சிற்றம்பலத்தின் அருகே போய், காற்சட்டையை முழங்கால் வரை உயர்த்தச் சொன்னார். இரண்டு கால்களிலும் கடிவாய்கள் சிவந்திருந்தன.

"அது… நான் தினம் மலையில நடக்கிற ஆள், அட்டை கடிக்கும்தானே…"

"இந்தக் காற்சட்டையோட எந்த மலையில?" என்றாள் சரோஜாதேவி. "இது நீங்கள் டவுனுக்குப் போகேக்க மட்டும் போடுற காற்சட்டை. நேற்றுக் காலமைதான் நான் ஸ்திரி போட்டுத் தந்தனான்."

சிற்றம்பலத்தின் குடை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்க வழக்கம்போல வீரய்யா குனிந்தான். பாதியில் நினைவு வந்தவன் போல நிமிர்ந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் குறைச்சு வச்ச தராசு சோதனையில அகப்பட்டால் என்ர உத்தியோகம் போயிரும், சேர்" என்றார் சிற்றம்பலம், தொரையிடம், ஆங்கிலத்தில். அதைத் தொரை மட்டுமல்ல, சார்ஜனும் கேட்டுக்கொண்டார்.

வேனில் அவர் ஏறினார். பின்கதவை அடைக்கும் சத்தம் மலைச் சரிவெங்கும் கேட்டது. சரோஜாதேவி அந்தப் பக்கம் திரும்பவில்லை. காற்சட்டையைச் சார்ஜன் வாங்கிக்கொண்டதால் அவள் கைகள் வெறுமையாக இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கேசினி அருகில் போய் நின்றுகொண்டாள்.

வேன் போனதும் தொரை தொண்டையைக் கனைத்தார். "சரி வேலாயி. ஒரு பிழை நடந்துபோச்சு. நாளைக்கு வேலைக்கு வா. காம்பராவிலயே இரு. இப்ப எல்லாரும் கொழுந்தத் தொழிற்சாலைக்குக் கொண்டு போங்க. நேரமாகுது."

வேலாயி அசையவில்லை.

"போ எண்டேனே."

"தொரை, திருடின்னு எங்க வச்சிச் சொன்னீங்க?"

"என்னா?"

"பெரட்டுக் களத்துல வச்சிச் சொன்னீங்க. சத்தமா. தப்பு அடிச்சிக் கூட்டுன கூட்டத்துல. எம் மக காதுல விழ. இப்ப இல்லங்கிறத மடுவத்து மூலையில நின்னு மொனங்குறீங்க." அவள் குரல் உயர்ந்தது. "அங்க வந்து சொல்லுங்க. அதே எடத்துல. அதே சத்தத்துல."

"இது என்ன பேச்சு? நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு இல்லீங்க. இன்னைக்கு."

ஒரு பெண் முதுகிலிருந்த கூடையை இறக்கித் தரையில் வைத்து, அதன் மேல் கையை ஊன்றி உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு எல்லோருமே உட்கார்ந்துவிட்டார்கள். கூடைகளுக்குள் காலையிலிருந்து பறித்த கொழுந்து சூடேறத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அமுங்கிக் கிடந்தால் சிவந்துவிடும். பிறகு அதை எந்த இயந்திரத்தில் போட்டாலும் தேயிலை ஆகாது. இது அவர்களுக்கும் தெரியும், தொரைக்கும் தெரியும்.

தொரை கூடைகளைப் பார்த்தார். கேசினியைப் பார்த்தார், ஏதாவது சொல்வாளா என்று.

"என்னைப் பாக்காதையுங்கோ சேர்" என்றாள் கேசினி. "என்ர வேலை முடிஞ்சுது. மிச்சம் உங்கட வேலை."

வெயில் தகரத்தில் சடசடத்தது. தொரை தொப்பியைக் கழற்றினார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"கங்காணி" என்றார் கடைசியில். "தப்பு அடிக்கச் சொல்லு."

வீரய்யா ஓடினான். கொஞ்ச நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து தப்புச் சத்தம் எழுந்தது. விடியலில் மட்டும் கேட்கிற அந்தச் சத்தத்தைப் பின்னேரத்தில் கேட்டு, ஆட்கள் கதவுகளைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள்.

பெண்கள் கூடைகளை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். வேலாயி தொரைக்கு வழி விட்டு நின்றாள்.

"நீங்க முன்னால போங்க" என்றாள்.

தொரை முன்னால் நடந்தார்.